மூன்றாவது முறையும் மறுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. சொந்த ஊர் செய்யாறு அருகே ஒரு கிராமம். பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தேன். 18 ஆண்டுகளாக ஒரகடம் பகுதியில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். என் வேலையில் குறை சொல்ல யாரும் இல்லை. ஆனால், உதவி மேலாளர் பதவி இரண்டு முறை என்னைத் தேடி வந்தும் மறுத்துவிட்டேன். முதல் முறை அப்பாவின் உடல்நிலையைக் காரணம் காட்டினேன். அடுத்த முறை ஷிஃப்ட் மாற்றம் ஒத்துவராது என்றேன். இரண்டுமே உண்மையில்லை. அந்தப் பதவிக்குப் போனால், வாடிக்கையாளர் நிறுவனத்தினர் வந்து தரத்தைச் சோதிக்கும் கஸ்டமர் ஆடிட்டில் ஆங்கிலத்தில் பேச வேண்டும், அதுதான் காரணம். நான் வேலை கற்றுக்கொடுத்த பையன் இன்று எனக்கு மேலதிகாரி. மனைவியிடம், "கம்பெனியில் கொடுக்கவில்லை" என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளின் பள்ளியில் நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்கும் மனைவியைத்தான் அனுப்புகிறேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் மூன்று முறை பணம் கட்டிச் சேர்ந்து, ஒன்றையும் முடிக்கவில்லை. டிப்ளமோ முதலாண்டில் பாடத்தை உரக்கப் படிக்கச் சொன்னபோது அளவுகருவியைக் குறிக்கும் "கேஜ்" என்ற சொல்லைக் "கௌஜ்" என்று படித்துவிட்டேன். வகுப்பே சிரித்தது, ஆசிரியரும் சிரித்தார். அன்று ஒட்டிக்கொண்ட பயம் இன்னும் போகவில்லை. வரும் ஜூலையில் மூன்றாவது முறையாக அழைப்பு வரும் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். இந்த முறையும் மறுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாமா? எனக்குத் தடை நானேதான் என்று தெரிகிறது. தெரிந்தும் தாண்ட முடியவில்லை. இது என் தலையெழுத்தா?

— வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு, வணக்கம்.

இங்கே சுருக்கி வெளியிடப்பட்டிருக்கும் உங்கள் கடிதம் முழு வடிவில் நான்கு பக்கம். அதை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை கையில் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, நீங்கள் ஆங்கில எழுத்திலேயே எழுதியிருந்த சொற்களை ஒவ்வொன்றாக அடிக்கோடிட்டேன். ரிஜெக்ஷன், டாலரன்ஸ், காலிபரேஷன், கரெக்டிவ் ஆக்ஷன் என்று மொத்தம் 61 சொற்கள் இருந்தன. ஒன்றில்கூட எழுத்துப்பிழை இல்லை. ஆகவே, "எனக்கு ஆங்கிலம் வராது" என்று நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. படிக்க வருகிறது, எழுத வருகிறது, நாள்தோறும் அறிக்கை நிரப்ப வருகிறது. நான்கு பேர் முன்னால் வாய் திறந்து சொல்வது மட்டும்தான் வரவில்லை. இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஏனென்றால் 20 ஆண்டுகளாக நீங்கள் மருந்து போட்டுக்கொண்டிருப்பது நோவு இல்லாத இடத்தில்.

அடுத்து, நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று. "எனக்குத் தடை நானேதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதிதான் உண்மை. பத்தாண்டுகள் எல்லாப் பாடத்தையும் தமிழில் படித்த ஒரு பிள்ளையை நிற்கவைத்து, முன்பின் காதில் விழாத ஒரு சொல்லைப் படிக்கச் சொன்னால், அவன் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். ஜி, ஏ, யூ, ஜி, ஈ என்று எழுதிவிட்டுக் "கேஜ்" என்று உச்சரிக்கும் மொழி அது. அந்த ஐந்து எழுத்தைப் பார்த்து அதன் ஒலியை ஊகிக்க யாராலும் முடியாது. அன்று அந்த ஆசிரியர் செய்திருக்க வேண்டியது, சரியான ஒலியை ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போவது. அவர் செய்யத் தவறியதற்கு நீங்கள் பொறுப்பில்லை. தமிழ்வழியில் படித்து வந்த எத்தனையோ பேர் இப்படி ஏதோ ஒரு வகுப்பறையில் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருவோரில் மருத்துவரும் உண்டு, வங்கி அதிகாரியும் உண்டு. அடி வெளியிலிருந்துதான் விழுந்தது. அந்தப் புண்ணைக் காற்றுப்படாமல் பொத்திப் பொத்தி வைத்து, ஆறவிடாமல் வைத்திருப்பது மட்டும்தான் உங்கள் பங்கு. உங்கள் பங்கு எதுவோ அதைப் பற்றி மட்டும் இனிப் பேசுகிறேன்.

உங்கள் தொழிலில் ஒரு குறைபாடு வந்தால் "ஏன்?" என்று ஐந்து முறை கேட்டு அடிவேரைத் தேடும் வழக்கம் உண்டு. டொயோட்டா நிறுவனத்தின் தைச்சி ஓனோ ஊன்றிப் பரப்பிய அந்த முறையை நீங்கள் எத்தனையோ முறை லைனில் செய்து பார்த்திருப்பீர்கள். உங்கள் கடிதத்துக்கும் அதைச் செய்து பார்ப்போம். பதவியை ஏன் மறுத்தீர்கள்? ஆடிட்டில் பேச வேண்டியிருக்கும் என்பதால். பேச ஏன் அஞ்சுகிறீர்கள்? பிழை வந்துவிடும் என்பதால். பிழை வருவதற்கு ஏன் இவ்வளவு அச்சம்? கேட்பவர் சிரிப்பார்கள் என்பதால். அவர்கள் சிரிப்பது ஏன் உங்களை இவ்வளவு பாதிக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கான விடையை மூன்றாம் பக்கத்தின் கடைசியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "18 வருஷம் சேர்த்த மரியாதை ஒரே நாளில் போய்விடும், இவன் இவ்வளவுதானா என்று ஆகிவிடும்." ஐந்தாவது கேள்வி வரை போக வேண்டிய தேவையே எழவில்லை. உங்கள் அச்சத்தின் வேர் இலக்கணத்தில் இல்லை. ஒரு வாக்கியம் தவறினால் நீங்கள் ஒட்டுமொத்தமாகப் போலி என்று வெளிப்பட்டுவிடும் என்ற நம்பிக்கையில் இருக்கிறது. நிகழ்காலம், இறந்தகாலம் கற்பிக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பால் அந்த நம்பிக்கையைத் தொடவே முடியாது.

அந்த மூன்று வகுப்புகளைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வருத்தப்படாமல் கேளுங்கள். 1978இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்டீவன் பெர்க்லாஸும் எட்வர்ட் ஜோன்ஸும் ஓர் ஆய்வு செய்தார்கள். விடை காணவே முடியாத கேள்விகளைச் சில மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் ஊகித்து எழுதியதைப் பார்த்துவிட்டு, "மிக நன்றாகச் செய்தீர்கள்" என்று பாராட்டினார்கள். அடுத்த தேர்வுக்கு முன், திறனைக் கூட்டும் என்று ஒரு மருந்தையும் குறைக்கும் என்று ஒரு மருந்தையும் காட்டி, விரும்பியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தம் வெற்றி எப்படி வந்தது என்று தமக்கே புரியாத ஆண் மாணவர்களில் பெரும்பாலோர், திறனைக் குறைக்கும் என்று சொல்லப்பட்ட மருந்தைக் கேட்டார்கள். அடுத்த தேர்வில் தோற்றாலும் பழியை மருந்தின்மேல் போட்டுவிடலாம் அல்லவா? நீங்கள் பாதியில் விட்ட வகுப்புகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. "வகுப்பை முடித்திருந்தால் நான் பேசியிருப்பேன்" என்ற ஒரு வாசல் எப்போதும் திறந்தே இருக்கிறது. முழுமையாகக் கற்றுக்கொண்ட பிறகும் பேச வராவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியை நீங்கள் சந்திக்க வேண்டியதே இல்லை. உங்களைச் சோம்பேறி என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தன்மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள மனம் செய்யும் ஏற்பாடு இது. அறிவுள்ளவர்களிடமும் கடுமையாக உழைப்பவர்களிடமும் இதை நான் அடிக்கடி காண்கிறேன்.

மறுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நிம்மதிதான் உங்கள் சிக்கலுக்குத் தீனி போடுகிறது. எப்படி என்று உங்கள் தொழில்மொழியிலேயே சொல்கிறேன். குறைபாட்டை எட்டுப் படிகளில் தீர்க்க நீங்கள் நாள்தோறும் நிரப்பும் எயிட்-டி அறிக்கை, ஃபோர்டு நிறுவனம் 1987இல் தொகுத்த முறையிலிருந்து வந்தது. அதில் மூன்றாவது படி, சந்தேகத்துக்குரிய லாட்டைப் பிரித்து ஓரமாக வைத்து, வாடிக்கையாளருக்குப் பாதிப்பு போகாமல் தற்காலிகமாக அணைபோடுவது. ஐந்தாவதும் ஆறாவதும்தான் நிரந்தரத் தீர்வைத் தேர்ந்தெடுத்து நடைமுறைப்படுத்தும் படிகள். மூன்றாவது படியோடு நிறுத்தி அறிக்கையை மூடுங்கள் என்றால் எந்த வாடிக்கையாளர் ஒப்புக்கொள்வார்? பதவி உயர்வை மறுப்பது அந்த மூன்றாவது படி. அது உடனே வேலை செய்கிறது. மறுத்த அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள், தூங்கியிருப்பீர்கள். வேதனையை உடனடியாக நீக்கும் எந்தச் செயலையும் மனம் இறுகப் பற்றிக்கொள்ளும். அடுத்த முறை அதே சூழல் வந்தால் யோசிக்காமல் அதையே செய்யும். அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. நீங்கள் போய்ப் பேசியிருந்தால் உண்மையில் என்ன நடந்திருக்கும் என்பதை அறியும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் நழுவிப்போகிறது. நடக்காத அவமானத்திலிருந்து தப்பித்துவிட்டதாகவே மனம் கணக்கு எழுதிவைக்கிறது. 20 ஆண்டுகளாக ஒருமுறைகூடச் சரிபார்க்கப்படாத கேஜ் ஒன்று உங்கள் லைனில் இருந்தால் அதன் அளவை நம்புவீர்களா? உங்கள் அச்சம் காட்டும் அளவும் அப்படிப்பட்டதுதான்.

சென்ற ஆண்டு நடந்த ஆடிட்டைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த அரைப் பக்கத்தை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்தேன். மேசையின் கோடி நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். தலையைக் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தீர்கள். யாராவது கேட்டால் சொல்வதற்கென்று ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தீர்கள். ஜப்பானிலிருந்து வந்திருந்த ஆடிட்டர், ஒரு துளையின் விட்டம் ஏன் குறைந்தது என்று கேட்டபோது அந்த அறையில் விடை தெரிந்த ஒரே ஆள் நீங்கள். இன்செர்ட் எனும் வெட்டுமுனை தேய்ந்ததால் துளை 0.02 மில்லிமீட்டர் குறைந்தது. 500 துண்டுக்கு ஒருமுறை மாற்றி வந்ததை இப்போது 400 துண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறோம் என்பதே விடை. அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மேசைக்கு அடியில் பக்கத்திலிருந்த இளைஞரிடம் தள்ளினீர்கள். அவர் அதைப் படித்தார். ஆடிட்டர் தலையசைத்து, மாற்றிய பதிவேட்டைக் காட்டச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. சீட்டில் இருந்தது முழு வாக்கியமா என்று பாருங்கள்: "இன்செர்ட் வேர். ஃப்ரீக்வன்சி 500 டு 400." இலக்கணமே இல்லாத இந்தச் சொற்களைக் கேட்டுத்தான் அவர் நிறைவடைந்தார்.

சமூக அச்சம் எப்படி நீடிக்கிறது என்பதைப் பிரிட்டிஷ் உளவியலாளர்கள் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995இல் விளக்கிக் காட்டினார்கள். அச்சம் எழுந்ததும் ஒருவரின் கவனம் எதிரே இருப்பவரை விட்டுத் தன்மீதே திரும்பிவிடுகிறது: குரல் நடுங்குகிறதா, முகம் சிவக்கிறதா, அடுத்த சொல் வருமா என்று. தற்காப்புக்கென்று அவர் செய்யும் சின்னச் சின்ன ஏற்பாடுகளே, அதாவது குனிந்துகொள்வது, வாக்கியத்தை மனப்பாடம் செய்வது, அவசரமாகப் பேசி முடிப்பது, இன்னொருவரைப் பேசவைப்பது போன்றவையே, நிலைமையை மேலும் கெடுக்கின்றன. மனத்துக்குள் வாக்கியத்தை ஓட்டிக்கொண்டிருப்பவரின் காதில் கேள்வி முழுமையாக விழாது. விழாத கேள்விக்குத் தடுமாறாமல் விடை சொல்ல யாரால் முடியும்? "அந்த ஜப்பான்காரர் பேசியதே எனக்குச் சரியாகப் புரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அவருடைய உச்சரிப்பு ஒரு காரணமாக இருக்கலாம். நீங்கள் அவரைக் கேட்கவே இல்லை என்பதும் ஒரு காரணம். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: அவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதித் தொழிற்சாலைகளுக்கு ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வருகிறவர்கள் துண்டு துண்டான வாக்கியங்களில், தங்கள் ஊர் ஒலியோடுதான் பேசுகிறார்கள். அன்று அந்த அறையில் யாராவது அவரைப் பார்த்துச் சிரித்தார்களா?

நம் தடுமாற்றத்தைப் பிறர் எவ்வளவு கவனிக்கிறார்கள் என்பதை நாம் எப்போதும் மிகைப்படுத்தியே மதிப்பிடுகிறோம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கூச்சப்பட வைக்கும் படம் போட்ட பனியனை ஒரு மாணவருக்கு அணிவித்து, பலர் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். ஆடிட் அறையில் இந்த வேறுபாடு இன்னும் கூடும். வந்திருப்பவரின் மனம் முழுவதும் பதிவேட்டிலும் உதிரிபாகத்திலும் இருக்கிறது. மூன்றாவது நாளில் விமானம் பிடிக்க வேண்டிய அவருக்கு உங்கள் வினைச்சொல்லின் காலத்தை ஆராய நேரம் ஏது?

இனி, ஜூலை வரை செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். நான்காவது வகுப்பில் சேர வேண்டாம். பயிற்சி கெட்டது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இப்போதைக்கு அது உங்களுக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடும். பதவிக்குப் போய் ஆறு மாதம் ஆன பிறகு விரும்பிச் சேருங்கள்.

அதற்குப் பதிலாக ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். இடப்பக்கத்தில், அச்சம் தரும் ஒரு செயலைச் செய்வதற்கு முன்பு, "என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்" என்பதைச் சோதித்துப் பார்க்கக்கூடிய விதத்தில் எழுதுங்கள். "மோசமாக இருக்கும்" என்று எழுதினால் போதாது. "நான் பேசும்போது குறைந்தது இரண்டு பேர் சிரிப்பார்கள், மேலாளர் இடைமறித்து வேறு ஆளைப் பேசச் சொல்வார்" என்பதுபோல எண்ணிப் பார்க்கத்தக்கதாக எழுதுங்கள். வலப்பக்கத்தில், செய்து முடித்த அன்றே, நடந்ததை மட்டும் எழுதுங்கள். எத்தனை பேர் சிரித்தார்கள்? மேலாளர் என்ன சொன்னார்? அச்சநோய்ச் சிகிச்சையை நீண்ட காலம் ஆராய்ந்துவரும் மிஷெல் கிராஸ்க் போன்றோர் வலியுறுத்துவது இதைத்தான்: எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடையிலான வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கும்போதுதான் மனம் புதிதாக ஒன்றைக் கற்கிறது. 18 ஆண்டுகளாக அளவீட்டுப் பதிவேடு எழுதிவரும் உங்களுக்கு இது புது வேலை இல்லை. உங்கள் அச்சத்தையும் அதே நேர்மையோடு அளந்து எழுதினால் போதும்.

முதல் இரண்டு வாரங்கள், நீங்களே எழுதிய பழைய எயிட்-டி அறிக்கை ஒன்றை எடுத்து, ஷிஃப்ட் முடிந்ததும் பத்து நிமிடம் உரக்கப் படியுங்கள். கைபேசியில் வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். உடனே பார்க்க வேண்டாம். மறுநாள் காலையில், வேறு யாரோ ஒரு ஊழியர் பேசுகிறார் என்று எண்ணிக்கொண்டு பாருங்கள். சமூக அச்சம் உள்ளவர்கள் தம் பேச்சுக்குத் தாமே இடும் மதிப்பெண், கேட்டவர்கள் இடும் மதிப்பெண்ணைவிடக் குறைவாகவே இருக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களுக்கும் அந்த வியப்பு காத்திருக்கிறது. உச்சரிப்பில் ஐயம் இருந்தால் அகராதிச் செயலியில் ஒலியைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். கேஜ் என்ற சொல்லில் தொடங்குங்கள் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன்.

மூன்றாவது வாரம், அதே அறிக்கையை ஒரே ஒருவர் முன்னால் சொல்லுங்கள். யார் முன்னால் என்று நான் தேட வேண்டியதில்லை. உங்கள் கடிதத்திலேயே இருக்கிறார். ஆரணியிலிருந்து ஐ.டி.ஐ. முடித்து வந்து, "உடைந்த ஆங்கிலத்திலேயே ஆடிட்டைச் சமாளிக்கும்" ஒரு மெஷின் ஷாப் மேற்பார்வையாளரைப் பற்றி, சற்றுப் பொறாமையோடு, எழுதியிருக்கிறீர்கள். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், "என்னால் முடியும்" என்ற உணர்வு நான்கு வழிகளில் பிறக்கிறது என்றார்: தானே செய்து பார்ப்பது, பிறர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊக்குவிப்பது, தன் உடல்நிலையைத் தான் புரிந்துகொள்ளும் விதம். இவற்றில் வலிமையானது முதலாவது; ஊக்கமூட்டும் பேச்சு அதற்கு வெகு பின்னால்தான் வரும். பிறரைப் பார்த்துக் கற்பதிலும், அவர் நம்மைப் போன்றவராக இருந்தால்தான் அது நம்மிடம் ஒட்டும். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். உங்களைப்போலவே மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கியவர். அவரை நினைத்துப் பெருமைப்படுங்கள். ஆனால், "அவரால் முடிந்தது, என்னால் முடியவில்லையே" என்று அவரையும் உங்கள்மேல் ஒரு சுமையாக ஏற்றிக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு இப்போது தேவை அந்த ஆரணி நண்பர். டீ நேரத்தில் அவரிடம் போய், "முதல் ஆடிட்டில் எப்படிப் பேசினீர்கள், அண்ணே?" என்று கேளுங்கள். அவர் சொல்லப்போகும் கதை எந்த வகுப்பிலும் கிடைக்காது.

நான்காவது வாரத்திலிருந்து, காலைக் கூட்டத்தில் நாளுக்கு ஒரு கேள்வியையோ ஒரு தகவலையோ ஆங்கிலத்தில் சொல்லுங்கள், ஒன்று போதும். அதன்பின், வாராந்திரத் தரக் கூட்டத்தில் ஒரே ஒரு ஸ்லைடை ஐந்து நிமிடம் நீங்கள் விளக்குவதாகக் கேட்டு வாங்குங்கள். அப்போது இரண்டு ஏற்பாடுகளைக் கட்டாயம் கைவிட வேண்டும்: கோடி நாற்காலியும் மனப்பாட வாக்கியமும். மாறாக, ரிஜெக்ட் ஆன துண்டையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதைக் காட்டி, எங்கே தேய்ந்தது, எங்கே அளவு மாறியது என்று சுட்டிப் பேசுங்கள். கண்ணும் கையும் பொருளில் இருக்கும்போது கவனம் உங்கள் குரலை விட்டு அதன்மேல் போய்விடும். கேட்பவர்களின் கண்ணும் அதன்மேல்தான் இருக்கும். சொல் சிக்கிக்கொள்ளும் தருணத்துக்கு முன்கூட்டியே ஒரு முடிவு எடுத்துவையுங்கள். "கேள்வி புரியாவிட்டால், 'ஒன்ஸ் மோர், ப்ளீஸ்' என்பேன், சொல் வராவிட்டால், துண்டைக் காட்டுவேன்" என்பதுபோல, இது நேர்ந்தால் இதைச் செய்வேன் என்று முன்பே வகுத்துக்கொள்வது வெறும் உறுதிமொழியைவிட நன்றாகப் பலனளிக்கிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

நெஞ்சு படபடக்கும்; உள்ளங்கை வியர்க்கும். படபடப்பு நின்ற பிறகு பேசலாம் என்று காத்திருக்க வேண்டாம். அது பேசப் பேசத்தான் தணியும்.

உங்கள் மேலாளரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். "இரண்டு முறை நான் சொன்ன காரணங்கள் சரியில்லை, ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தது. இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன். ஜூலைக்கு முன் ஒரு சின்ன ஆடிட்டில் எனக்கு ஒரு பகுதியைக் கொடுங்கள்" என்று கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை. இரண்டு முறை மறுத்த ஒருவரை மூன்றாவது முறையும் அழைக்க நினைக்கிறார் என்றால், உங்கள் வேலையின் மதிப்பு அவருக்குத் தெரிந்திருக்கிறது. தயக்கமும் ஓரளவு தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மனைவியிடம் சொல்வதுதான் கடினம். கம்பெனி உங்களுக்கு அநீதி செய்துவிட்டது என்று அவர் இத்தனை நாள் உங்களுக்காக மனம் நொந்திருப்பார். அந்த வேதனை பொய்யின்மேல் நிற்கிறது என்று தெரியும்போது அவருக்குக் கோபம் வரலாம், வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தற்காத்துக்கொள்ள முயலாமல், கேஜ் என்ற சொல்லில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லுங்கள். வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால், ஆடிட்டுக்கு முந்தைய இரவு தனியாகப் புரண்டுகொண்டிருக்க வேண்டியதில்லை.

ஜூலையில் அழைப்பு வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். எல்லோரும் மேலாளராகத்தான் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். லைனில் நிற்பதே பிடித்திருக்கிறது, கூடுதல் பொறுப்பு வேண்டாம் என்று மனமறிந்து மறுப்பவர்களை நான் மதிக்கிறேன். உங்கள் மறுப்பு அந்த வகையா என்று கண்டறிய ஒரு கேள்வி போதும்: ஆடிட் முழுவதும் தமிழில் நடக்கும் என்றால் அந்தப் பதவியை ஏற்பீர்களா? "தமிழில் என்றால் அன்றே போயிருப்பேன்" என்று இரண்டாம் பக்கத்திலேயே எழுதிவிட்டீர்கள். உங்களுக்குப் பதவி வேண்டும். ஆடிட் அறைதான் வேண்டாம். தலையெழுத்தா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு பழக்கத்துக்கு அந்தப் பெயரை வைக்க வேண்டாம்.

ஒரு முன்னெச்சரிக்கை. கூட்டத்துக்குப் பல நாட்கள் முன்பே தூக்கம் கெடுவது, வாந்தி வருவதுபோல இருப்பது, அச்சத்தைத் தணிக்க மது அருந்துவது, திருமணம், துக்கம் விசாரிப்பது போன்ற தமிழ் பேசும் இடங்களையும் தவிர்ப்பது, வாழ்க்கையே வெறுத்துப்போவது இவற்றில் ஏதேனும் இருந்தால், நான் சொன்ன பயிற்சியைத் தனியாகச் செய்ய வேண்டாம். அது சமூக அச்சநோயாக இருக்கலாம். முறையான உளவியல் சிகிச்சையாலும், தேவைப்பட்டால் மருந்தாலும், நன்கு குணமாகக்கூடியது. மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416க்கு எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

நோட்டின் முதல் பக்கத்துக்கு ஆடிட் வேண்டாம். அடுத்த பெற்றோர் கூட்டம் இந்த மாதக் கடைசி சனிக்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நீங்கள் போங்கள். முந்தைய நாள் இரவு இடப்பக்கத்தை எழுதிவிடுங்கள். ஆசிரியை ஆங்கிலத்தில் தொடங்கினால், "நான் தமிழில் பேசலாமா?" என்று கேளுங்கள், மகளைப் பற்றிப் பேச அப்பாவுக்கு அதற்கு உரிமை உண்டு. திரும்பி வரும் வழியில் மகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டு, வலப்பக்கத்தை அன்றே நிரப்பி, இரண்டு பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.